கட்டியின் ஓரத்தைக் காட்டும் ஒளி

அறுவை சிகிச்சை முடிந்து மருத்துவர் வெளியே வரும்போது, வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “முழுசா எடுத்துட்டீங்களா டாக்டர்? வேர் ஏதும் நிக்கலையே?” கட்டி எந்த வகை, எந்த நிலை, இனி எவ்வளவு செலவாகும் என்பவையெல்லாம் அதற்குப் பின்னரே வரும். படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் கேட்கும் கேள்வி அது. புற்றுநோய் அறுவையின் மிகக் கடினமான இடத்தைத்தான் தாங்கள் தொட்டுக் கேட்கிறோம் என்பது அவர்களுள் பலருக்குத் தெரியாது. கட்டியை வெட்டி எடுப்பதைக் காட்டிலும், கட்டி எங்கே முடிகிறது என்று அறிவதே அறுவை மருத்துவருக்குப் பெருஞ்சோதனை.

நம் பக்கத்தில் மாம்பழத்துக்குப் பஞ்சமில்லை. அழுகத் தொடங்கிய ஒரு பழத்தை அரிந்து பாருங்கள். கறுத்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. அதைச் சுற்றிச் சற்றுத் தாராளமாகவே வெட்டி எறிகிறோம். ஆயினும் எஞ்சிய துண்டை வாயில் இட்டால் சில வேளைகளில் கெட்ட சுவை தட்டுகிறது. நிறம் மாறாத சதைக்குள்ளும் அழுகல் முன்னரே சென்றுவிட்டது என்பது அதன் பொருள். புற்றுக்கட்டியும் ஏறக்குறைய அவ்வாறே. நடுப்பகுதி கல்போல் விரலுக்குத் தட்டுப்படும். ஓரத்திலோ புற்று உயிரணுக்கள் ஒன்றிரண்டாகவும் சிறு கூட்டங்களாகவும் நல்ல திசுவுக்குள் நுழைந்திருக்கும். அவற்றுக்குத் தனி நிறமில்லை. தொட்டறியத்தக்க கடினமும் இல்லை.

பழமானால் இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிடலாம். உடலில் அந்தத் தாராளம் எல்லா இடத்திலும் செல்லாது. பெருங்குடலில் சில அங்குலம் கூடுதலாக எடுத்தால் நோயாளருக்குப் பெரிய இழப்பில்லை. நாக்கில் ஒரு சென்டிமீட்டர் கூடினால் பேச்சும் விழுங்குதலும் பாதிக்கப்படலாம். மூளையில் சில மில்லிமீட்டர் அப்பால் போனால் கையோ காலோ சொல்லோ பறிபோகலாம்.

சரியாக எடுத்தோமா என்பதற்கான தீர்ப்பை வழங்குபவர் நோய்க்குறியியல் மருத்துவர். எடுத்த திசுவின் ஓரங்களுக்கு மை தடவி, மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக அரிந்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து அவர் அறிக்கை தருவதற்குப் பல நாட்கள் ஆகும். “ஓரத்தில் நோய் உள்ளது” என்று அந்த அறிக்கை சொன்னால், தையல் பிரிந்து வீட்டுக்குச் சென்றவர் மறுபடியும் அறுவை அரங்குக்கு வர நேரிடும். அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே திசுவை உறையவைத்துப் பார்க்கும் ‘ஃப்ரோசன் செக்‌ஷன்’ என்ற முறையும் உண்டு. மிகவும் பயனுள்ள முறைதான். ஆனால் மருத்துவர் சந்தேகப்பட்டு எடுத்துக் கொடுத்த இடத்தைப் பற்றி மட்டுமே அது பேசும். சந்தேகம் எழாத இடத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நோய் உள்ள இடம் அறுவை நேரத்திலேயே தானாக ஒளிர்ந்து தன்னைக் காட்டிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இந்த ஆசையில் பிறந்தவையே ஒளிர்சாயங்கள். ஆங்கிலத்தில் ‘ஃப்ளூரசென்ட் புரோப்’ என்பார்கள். அண்மைக்காலமாகச் செய்தித்தாள்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் இவற்றைப் பற்றி நிறைய வருவதால், புறநோயாளர் பிரிவில் நோயாளரின் மகன்களும் மகள்களும் அவற்றைக் காட்டி விளக்கம் கேட்கிறார்கள். இக்கட்டுரை அவர்களுக்காகவே.

பெயரைக் கேட்டதும் நம் மாவட்டத்தார்க்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ‘ஃப்ளூரைடு’ என்ற சொல் நமக்கு நல்ல நினைவுகளைத் தருவதில்லை. ஆழ்துளைக் கிணற்று நீரால் பற்கள் பழுப்பேறி, எலும்புகள் வலித்து வாழ்ந்த தலைமுறைகள் இங்கு உண்டு. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அந்த ஃப்ளூரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான். “அதையா உடம்பில் ஏற்றப் போகிறார்கள்?” என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. இரண்டு சொற்களுக்கும் மூலம் ஒன்றே என்பது உண்மை. ஃப்ளோர்ஸ்பார் என்றொரு கனிமம் உண்டு. ஃப்ளூரின் என்ற தனிமத்துக்கு அதிலிருந்தே பெயர் வந்தது. அதே கனிமத்தின் சில கற்கள் கண்ணுக்குத் தெரியாத ஊதாக் கதிர் பட்டதும் நீலமாக மின்னின. அதைக் கண்ட ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்ற இயற்பியலாளர் 1852இல் அந்த மின்னலுக்கு ‘ஃப்ளூரசென்ஸ்’ என்று பெயரிட்டார். உறவு பெயரோடு முடிந்தது. அறுவை அரங்கில் மிகுதியாகப் புழங்கும் ஃப்ளூரசீன், இண்டோசயனைன் பச்சை, ஐந்து-ஏ.எல்.ஏ. ஆகிய மூன்றிலும் ஃப்ளூரின் அணு ஒன்றுகூடக் கிடையாது.

ஒளிர்வு என்பது என்ன? வங்கியில் காசாளர் ரூபாய்த் தாளை ஊதா விளக்கின்கீழ்ப் பிடித்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத இழைகள் அப்போது பளிச்சிடும். ஊதா ஒளியை வாங்கிக்கொண்டு, அதில் சிறிது ஆற்றலைத் தன்னிடமே இழந்து, மிச்சத்தைப் பச்சையாகவோ சிவப்பாகவோ திருப்பித் தரும் பொருள்கள் உள்ளன. வாங்கும் நிறம் வேறு, கொடுக்கும் நிறம் வேறு. வாங்கிய நிறத்தை ஒரு கண்ணாடி வடிகட்டியால் மறைத்துவிட்டால், கொடுத்த நிறம் மட்டும் இருட்டில் விளக்குப்போல் தெரியும். மலேரியாவுக்குத் தரும் குயினைன் மருந்துக்கும் இக்குணம் உண்டு. ஸ்டோக்ஸ் தம் சோதனைகளில் அதையும் பயன்படுத்தினார்.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. 1923இல் கொல்கத்தாவில், சி.வி. இராமனின் ஆய்வகத்தில் கே.ஆர். இராமநாதன் தூய திரவங்களுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்த்தபோது மெல்லிய வேற்றுநிறம் ஒன்று தோன்றியது. அழுக்கினால் எழும் ஒளிர்வு என்று கருதி, திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மைப்படுத்தினார். அது மறையவே இல்லை. அந்த ‘மெல்லிய ஒளிர்வு’ ஒளிர்வே அன்று, வேறொரு புதிய விளைவு என்று 1928இல் உறுதியானதும் அதற்கு இராமன் விளைவு என்று பெயர் வந்தது. இன்று மூளைக்கட்டியின் ஓரத்தை அறியும் ஆய்வுகளில் ஒளிர்வும் பயன்படுகிறது, இராமன் விளைவும் பயன்படுகிறது.

ஒளிர்சாயங்களில் மூத்தது ஃப்ளூரசீன். 1871இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் வான் பேயர் அதை உருவாக்கினார். உங்களில் சிலர் அதை ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள். கரும்புத் தோகையோ நெற்கதிரோ கண்ணில் கீறிவிட்டது என்று கண் மருத்துவரிடம் சென்றால், ஆரஞ்சு நிறத் தாள் ஒன்றைக் கண்ணிமையின் உட்புறம் தொட்டு, நீல விளக்கால் பார்ப்பார். கருவிழியில் கீறல் விழுந்த இடம் மட்டும் பச்சையாக ஒளிரும். நீரிழிவு நோயாளர்க்கு விழித்திரையின் இரத்தக் குழாய்களைப் படமெடுக்க அதே மருந்தை நரம்பு ஊசியாகவும் போடுவார்கள். அன்று முழுதும் சிறுநீர் அடர்மஞ்சளாகப் போகும், தோலும் சற்று மஞ்சளாகும். காமாலை என்று அஞ்ச வேண்டியதில்லை. 1947, 1948 ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் மூர் என்ற அறுவை மருத்துவர், இந்த ஃப்ளூரசீனைக் கொண்டே புற்றுத் திசுவையும் மூளைக்கட்டியையும் பிரித்தறிய முடியுமா என்று ஆராய்ந்து எழுதினார். ஆக, இது நேற்று முளைத்த எண்ணம் அன்று.

சாயம் கட்டியைத் தேடிச் சென்று சேர்வது எவ்வாறு? அதில்தான் முக்கால் நூற்றாண்டின் உழைப்பு அடங்கியிருக்கிறது.

முதல் வழி, கசிவு. கட்டி அவசரமாக வளர்வதால் அதன் இரத்தக் குழாய்களும் அவசரமாகக் கட்டிய வாய்க்கால்போல் ஓட்டையும் வெடிப்புமாக இருக்கும். இரத்தத்தில் ஏற்றிய சாயம் அங்கே கசிந்து தேங்கும். ஃப்ளூரசீன் மூளைக்கட்டியில் தேங்குவது இப்படித்தான். 1959 முதல் அமெரிக்காவில் அனுமதிபெற்றுப் பயன்பாட்டில் இருக்கும் இண்டோசயனைன் பச்சைக்கு இன்னொரு வேலையும் உண்டு. கட்டியின் அருகே ஊசியால் செலுத்தினால் நிணநீர்ப் பாதை வழியே ஊர்ந்து, அப்பகுதியின் முதல் நெறிக்கட்டியைச் சென்றடைந்து ஒளிரும். நோய் பரவுவதென்றால் பெரும்பாலும் அந்தக் கட்டியைத் தொட்டுத்தான் அப்பால் செல்லும். எனவே அதை மட்டும் எடுத்துச் சோதித்து, அதில் நோயில்லையென்றால் மற்ற நெறிக்கட்டிகளை விட்டுவிடலாம். மார்பகப் புற்றுக்காக அக்குளில் உள்ள நெறிக்கட்டிகள் அனைத்தையும் இழந்து, கை வீங்கித் துன்புறும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

இரண்டாவது வழி எனக்கு மிகவும் பிடித்தது; கட்டியின் பேராசையையே அதற்கு எதிராகத் திருப்பும் வழி அது. ஐந்து-ஏ.எல்.ஏ. என்பது நம் உடலே நாள்தோறும் தயாரிக்கும் பொருள். இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ‘ஹீம்’ உருவாவதற்கான தொடக்கப் பொருள்களுள் ஒன்று. இதைத் தண்ணீரில் கரைத்து, மயக்கமருந்து கொடுப்பதற்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னதாக, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவில் நோயாளர்க்குக் குடிக்கத் தருவார்கள். வீரியமிக்க மூளைக்கட்டியின் உயிரணுக்கள் இதை மிகுதியாக வாங்கிக்கொள்கின்றன. ஆனால் இறுதிப் படியான ஹீமாக அதை மாற்ற அவற்றால் விரைந்து முடிவதில்லை. நடுவழியில் புரோட்டோபார்ஃபிரின் என்ற பொருள் அவற்றுக்குள் குவிந்துவிடுகிறது. அறுவை மருத்துவர் நுண்ணோக்கியின் வெள்ளொளியை அணைத்து ஊதா-நீல ஒளிக்கு மாற்றினால், நல்ல மூளை நீலமாகவும் கட்டி செம்மையாகவும் தெரியும். கட்டி அடர்ந்த இடம் கனல்போலவும், ஓரம் வெளிறிய இளஞ்சிவப்பாகவும் இருக்கும்.

இதன் பயனை ஜெர்மனியில் வால்டர் ஸ்டும்மரும் அவருடைய குழுவினரும் முறையாகச் சோதித்து 2006இல் வெளியிட்டனர். ஒளிர்சாயத்தின் துணையோடு அறுவை செய்த 139 பேரில் 90 பேருக்கு, பின்னர் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் தெரியக்கூடிய கட்டி முழுதும் நீங்கியிருந்தது. வெள்ளொளியில் மட்டும் செய்த 131 பேரில் அவ்வாறு நீங்கியது 47 பேருக்கு. ஆறு மாதங்கள் கழித்தும் நோய் மறுபடி வளராமல் இருந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 41, இரண்டாவதில் நூற்றுக்கு 21. இவ்வளவும் நல்ல செய்தி. ஆனால் காணொளிகள் சொல்லாத மறுபாதியையும் நான் சொல்லியாக வேண்டும்: மொத்த ஆயுட்காலத்தில் இரு பிரிவினருக்குமிடையே உறுதியாகச் சொல்லத்தக்க வேறுபாடு அந்த ஆய்வில் காணப்படவில்லை. வீரியமிக்க மூளைக்கட்டி அத்தகைய நோய். கட்டி மேலும் நன்றாக நீங்கியது, நோய் திரும்புவது தள்ளிப்போனது என்பதே உண்மையான ஆதாயம். குணமாகிவிடும் என்று எவரேனும் வாக்களித்தால் நம்ப வேண்டாம். இந்த மருந்தை ஐரோப்பா 2007இலும் அமெரிக்கா 2017இலும் அனுமதித்தன. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் மூளை அறுவை மருத்துவர்களும் இதைப் பயன்படுத்தித் தம் அனுபவத்தை எழுதியுள்ளனர்.

மூன்றாவது வழி, முகவரி ஒட்டி அனுப்புவது. சூலகப் புற்று உயிரணுக்களின் மேற்பரப்பில் ஃபோலிக் அமிலத்தைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் ஏராளமாக இருக்கும். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் லோ, ஃபோலேட்டோடு ஒளிர்சாயத்தை இணைத்து அனுப்பினால் புற்று உயிரணு தானே அதை விழுங்கிக்கொள்ளும் என்று கணித்தார். 2011இல் நெதர்லாந்தில் நோயாளர்களிடம் முதன்முதலாக இது சோதிக்கப்பட்டது. அதன் வழிவந்த பாஃபோலாசயனைன் என்ற மருந்து 2021 நவம்பரில் அமெரிக்க அனுமதியைப் பெற்றது. சோதனையில் பங்கேற்று மதிப்பிடப்பட்ட 134 பெண்களில் நூற்றுக்கு 27 பேருக்கு, கண்ணுக்கும் விரலுக்கும் தட்டுப்படாத ஒரு புற்று இடமேனும் இந்த ஒளியில் புலப்பட்டது.

நான்காவது, பூட்டிய விளக்கு. இவ்வகைச் சாயம் இயல்பில் ஒளிராது. புற்றுக்கே உரிய ஒரு நொதி அதைத் தொட்டு வெட்டினால்தான் பூட்டுத் திறந்து ஒளி எழும். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் யசுதெரு உரானோவும், அமெரிக்காவில் பணியாற்றிய ஹிசதகா கோபயாஷியும் 2011இல் இத்தகைய சாயமொன்றை எலிகளின் வயிற்றுக்குள் பரவிய கட்டிகளின்மேல் தெளித்தார்கள். ஒரு நிமிடத்துக்குள் கட்டிகள் பச்சையாக ஒளிரத் தொடங்கின. அது விலங்கில் செய்த சோதனை. மனிதரிடம் இவ்வழியில் முன்னேறியது மார்பகப் புற்றுக்கான பெகுலிசயனைன் என்ற மருந்து. கட்டியை எடுத்த பிறகு, மார்பகத்தினுள் எஞ்சிய குழிவில் ஏதேனும் மிச்சம் ஒளிர்கிறதா என்று பார்க்க அது உதவுகிறது. 357 பெண்களிடம் நடத்திய ஆய்வில், வழக்கமான அறுவைக்குப் பின்னும் விடுபட்டிருந்த புற்று 27 பேரிடம் இதனால் கண்டு எடுக்கப்பட்டது. 2024 ஏப்ரலில் அமெரிக்கா இதை அனுமதித்தது. கடும் ஒவ்வாமை சிலருக்கு நேரலாம் என்ற எச்சரிக்கையும் அந்த அனுமதியோடு சேர்த்தே தரப்பட்டது.

“அப்படியானால் ஸ்கேன் எதற்கு? இந்தச் சாயத்தைக் குடித்துவிட்டு விளக்கடித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் தெரிந்துவிடுமே?” என்று கேட்கிறார்கள். தெரியாது. காரணத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இரவில் கைப்பேசி விளக்கை உள்ளங்கையால் மூடுங்கள். விரல்கள் சிவப்பாகத் தெரியும். நீலமாகவோ பச்சையாகவோ தெரியாது. நீலத்தையும் பச்சையையும் நம் இரத்தம் விழுங்கிவிடுகிறது. சிவப்பு ஓரளவு ஊடுருவுகிறது. அதனாலேயே புதிய சாயங்களைச் சிவப்புக்கும் அப்பாற்பட்ட, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒளிரும்படி அமைக்கிறார்கள். தனிக் கேமரா அதைப் படம்பிடித்துத் திரையில் காட்டும். அப்போதும் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் ஆழம் வரைதான் எட்டும். விரலின் கனத்தைத் தாண்டவே திணறும் ஒளி, வயிற்றைத் துளைத்துக் கல்லீரலைக் காட்டாது. சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் ஆகியவை கட்டி எந்த ஊரில் இருக்கிறது என்று சொல்கின்றன. உடலைத் திறந்த பின், அந்த ஊரின் எல்லைக் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று ஒளிர்சாயம் காட்டுகிறது.

அந்த எல்லைக் கல்லும் சில வேளை இடம் மாறி நிற்கும். வீக்கமும் அழற்சியும் உள்ள நல்ல திசு ஒளிர்வதுண்டு. கதிர்வீச்சு பெற்ற இடம் ஒளிர்வதுண்டு. வீரியம் குறைந்த மூளைக்கட்டிகள் பல ஐந்து-ஏ.எல்.ஏ. குடித்தும் ஒளிர்வதே இல்லை. ஒரு துளி இரத்தம் மேலே படிந்தாலும் ஒளி மறைந்துவிடும். ஆதலால் ஒளிரும் இடத்தையெல்லாம் வெட்டுவதும், ஒளிராத இடத்தையெல்லாம் விட்டுவிடுவதும் அறுவை மருத்துவரின் வேலையன்று. இறுதிச் சொல் இன்றும் நுண்ணோக்கியின் முன் அமர்ந்திருக்கும் நோய்க்குறியியல் மருத்துவருடையதே. கட்டியிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியை நம் பகுதியில் பலர் அஞ்சுகிறார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. முறைப்படி செய்யும் பயாப்சியால் நோய் பரவும் என்று அஞ்சி அதைத் தவிர்ப்பது, சிகிச்சையையே தவிர்ப்பதாக முடிகிறது. “பயாப்சி வேண்டாம், ஒளி மட்டும் போதும்” என்று கேட்பவர்களுக்கு என் விடை இதுதான்.

காரிமங்கலத்தில் நம் மருத்துவமனையில் இந்தக் கேமராக்கள் இல்லை. தேவைப்படும் நோயாளரைப் பெரிய மையங்களுக்கு அனுப்புகிறோம். எல்லாக் கட்டிக்கும் இது தேவையும் இல்லை. தைராய்டுக் கட்டிக்கோ பெருங்குடல் கட்டிக்கோ நல்ல கையும் நல்ல கண்ணும் பெரும்பாலும் போதும். சாயம் இல்லை என்பதற்காக அறுவையைத் தள்ளிப்போடுவது தவறு. காத்திருக்கும் மாதத்தில் கட்டி காத்திருப்பதில்லை.

அனுப்பப்படும் இடத்தில் ஒளிர்சாயம் தரப்போகிறார்கள் என்றால், உடன் செல்வோர் சிலவற்றை நினைவில் வைத்துச் சொல்ல வேண்டும். முன்பு ஸ்கேன் எடுக்கையில் போட்ட மருந்தாலோ அயோடினாலோ ஒவ்வாமை வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். இண்டோசயனைன் பச்சையில் சிறிதளவு அயோடைடு கலந்திருக்கிறது. குடும்பத்தில் எவருக்கேனும் ‘பார்ஃபிரியா’ என்ற நோய் இருந்தால் ஐந்து-ஏ.எல்.ஏ. தரலாகாது. அதைக் குடித்தவர் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வெயிலையும் கண்கூசும் விளக்கையும் தவிர்க்க வேண்டும். படுக்கை அருகே சன்னலின் திரையைச் செவிலியர் இழுத்துவிட்டால் காற்றுக்காக மறுபடியும் திறக்க வேண்டாம், தோல் தீப்பட்டதுபோல் சிவந்துவிடும். ஃபோலேட் வகைச் சாயம் என்றால் ஃபோலிக் அமில மாத்திரையை 48 மணி நேரம் முன்னதாகவே நிறுத்தச் சொல்வார்கள். இரத்தசோகைக்கென்று தரும் சத்து மாத்திரைகளிலும் ஃபோலிக் அமிலம் இருக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை. “சத்து மாத்திரைதானே” என்று சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். கருவுற்றிருக்க வாய்ப்புண்டு என்றால் அதையும் சொல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், சாயத்தின் செலவும் அதில் அடங்குமா, தனியே கட்டவேண்டுமா என்று காப்பீட்டுப் பிரிவில் முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

நோயை முதலிலேயே கண்டுபிடிக்க ஒளிர்வு உதவாதா என்றால், இரண்டு இடங்களில் உதவுகிறது: வாயும் கருப்பை வாயும். இரண்டும் ஒளி நேரே எட்டும் இடங்கள். அங்கே சாயம்கூடத் தேவையில்லை. நம் திசுவுக்கே இயல்பான ஒளிர்வு ஒன்று உண்டு. ஊதா-நீல ஒளியில் நல்ல வாய்ச்சவ்வு இளம்பச்சையாக ஒளிரும். கெடுதல் தொடங்கிய இடம் இருண்டு தெரியும். கருப்பை வாயின் இயல்பொளிர்வைக் கொண்டு புற்றின் முன்னிலையைக் கண்டறிவது பற்றி நிர்மலா ராமானுஜம் 1994இலேயே அமெரிக்காவில் ஆய்வு வெளியிட்டார். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் மருத்துவ இயற்பியல் துறையில் சிங்காரவேலு கணேசனும் அவருடைய மாணவர்களும் திசு, இரத்தம் ஆகியவற்றின் இயல்பொளிர்வைப் பல ஆண்டுகள் ஆராய்ந்துள்ளனர். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அரவணைப்பில் வளர்ந்த ஒரு நிறுவனம், ‘ஆரல்ஸ்கேன்’ என்ற கைக்கருவியை 2020இல் வெளியிட்டது. வாயில் பயாப்சி எடுக்கத் தகுந்த இடம் எது என்று மருத்துவர் தெரிவுசெய்ய அது துணைசெய்கிறது. வாய்ப்புண்ணும் அழற்சியும்கூட அதில் இருளாகத் தெரியக்கூடும் என்பதால், இங்கும் பயாப்சியே முடிவு சொல்லும்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு எழுதிய பின் இரண்டு தென்னிந்திய ஆய்வுகளைச் சொல்லாமல் விட என் மனம் ஒப்பவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சிபெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, சாதாரண வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்றால் நேரும் இறப்பு 34 விழுக்காடு குறைந்தது என்று 2005இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குச் செவிலியர், கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்த்தார்கள். வினிகர் என்று கடையில் விற்பதும் நீர்த்த அசிட்டிக் அமிலமே. கெட்ட இடம் வெள்ளையாக மாறும். அவ்வளவுதான். ஒரே ஒரு முறை செய்த அந்தச் சோதனையால் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன என்று 2007இல் வெளியானது. அம்பிளிக்கை மருத்துவமனையும் அடையாறு புற்றுநோய் நிறுவனமும் பங்கேற்ற ஆய்வு அது. இவ்வளவு எளிய ஒளியும் இவ்வளவு எளிய நீர்மமும் காப்பாற்றிய உயிர்களோடு ஒப்பிடும்போது, இலட்சக்கணக்கில் விலைபெறும் கேமராக்கள் இன்னும் வெகுதூரம் வர வேண்டியிருக்கிறது என்பது என் கருத்து.

வெற்றிலையோடு புகையிலை போடுபவரும், பீடி, பான் மசாலாப் பழக்கம் உள்ளவரும் மாதம் ஒருமுறை கண்ணாடி முன் நின்று, டார்ச் விளக்கடித்துப் பாருங்கள். கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரங்கள், நாக்குக்கு அடியில், ஈறு. வெள்ளையோ செம்மையோ படர்ந்த திட்டு, தடிப்பு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், முன்புபோல் வாய் திறக்க இயலாமை, இவற்றில் எது தெரிந்தாலும் புறநோயாளர் பிரிவுக்கு வாருங்கள். வலி இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். தொடக்கத்தில் வலி இருக்காது. முப்பது வயது கடந்த பெண்கள் கருப்பை வாய்ச் சோதனைக்கென்று தனியே கேட்டு வரலாம். நோய் ஏதும் இருக்க வேண்டியதில்லை. வரும்போது பழைய அறிக்கைகளையும், உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், சத்து மாத்திரை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள்.